பழைய ஹார்ட் டிஸ்க்க அழிச்சுராதீங்க, உங்க மெயில் அதுலதான் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கும் சில ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் சிஸ்டம் சர்வீஸ் பாக்குறவன். 2025 அக்டோபர் 14ம் தேதி மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூணுக்கும் ஒரே நாள்ல சப்போர்ட் முடிஞ்சுது. அதனால இங்க நிறைய பேரு கம்ப்யூட்டரையும் ஆபீஸ் சாஃப்ட்வேரையும் சேத்தே மாத்துனாங்க, இன்னும் மாத்திக்கிட்டுதான் இருக்காங்க. மாத்துறது தப்பில்லீங்க, செக்யூரிட்டி அப்டேட் வராத மெஷின்ல பேங்க் வேலையும் பையர் மெயிலும் பாக்குறது ஆபத்து, மாத்தித்தான் ஆகணும். ஆனா மாத்துன மறுநாள்ல இருந்து எனக்கு வர்ற போன் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கு, "பழைய மெயில் எல்லாம் போச்சுங்க". அந்த மெயில் பெரும்பாலும் போகலீங்க, பழைய மெஷினோட ஹார்ட் டிஸ்க்ல அப்படியே உக்காந்திருக்கு. ஆனா நான் போய் பாக்குறதுக்குள்ள அந்த மெஷின எக்ஸ்சேஞ்ச்ல குடுத்திருப்பாங்க, இல்லைன்னா ஃபார்மேட் பண்ணி பேக்கிங் செக்‌ஷனுக்கு அனுப்பியிருப்பாங்க, அப்பதான் உண்மையிலேயே போகுது. இத நாலு பேரு படிக்கிற இடத்துல சொல்லணும்னுதான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னு சொல்றேன். நம்ம ஊரு சின்ன கம்பெனிகள்ல கம்பெனி பேருல டொமைன் வாங்கி, லோக்கல்ல யாரோ ஒருத்தர்கிட்ட ஹோஸ்டிங் எடுத்து, ஆபீஸ் கூட வர்ற மெயில் சாஃப்ட்வேரான அவுட்லுக்ல பாப் அக்கவுன்ட்டா போட்டு வெச்சிருப்பாங்க. போட்டது பத்து பன்னெண்டு வருசம் முன்னாடி இருக்கும், போட்டவரு இப்ப எங்க இருக்காருன்னே தெரியாது. பாப்புன்னா என்னன்னா, சர்வர்ல இருக்குற மெயில அந்த கம்ப்யூட்டருக்கு இறக்கிட்டு சர்வர்ல இருந்து எடுத்துரும். அவுட்லுக் 2007 வரைக்கும் இறக்குன உடனே எடுத்துரும், நாமளா டிக் போட்டாத்தான் காப்பி நிக்கும். 2010ல இருந்து 14 நாள் வெச்சிருந்து அப்புறம் எடுக்குற மாதிரி செட்டிங் தானாவே இருக்கும். இப்ப புது மெஷின்ல அதே அக்கவுன்ட்ட போட்டா என்ன வரும், கடைசி ரெண்டு வாரத்து மெயில் மட்டும் வந்து நிக்கும். பாக்குறவங்களுக்கு அப்டேட் பண்ணதுல எட்டு வருச மெயில் அழிஞ்சுருச்சுன்னு தோணும். அழியல, அதெல்லாம் பிஎஸ்டின்னு ஒரே ஒரு ஃபைல்குள்ள, பழைய டிஸ்க்ல இருக்கு.

அந்த ஃபைல் எங்க இருக்குங்குறதுதான் அடுத்த சிக்கல். 2010க்கு அப்புறம் புதுசா போட்ட அக்கவுன்ட்டுன்னா டாக்குமென்ட்ஸ்குள்ள அவுட்லுக் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல இருக்கும். அதுக்கும் முந்தின வெர்ஷன்ல இருந்து அப்படியே அப்கிரேடு ஆகி அப்கிரேடு ஆகி வந்ததுன்னா சி டிரைவ்ல யூசர் பேருக்குள்ள ஆப்டேட்டான்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர், அதுக்குள்ள லோக்கல், அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட், அதுக்குள்ள அவுட்லுக், அங்க இருக்கும். மெஷின் மாத்திக் குடுக்க வர்ற பையன் டெஸ்க்டாப்ப எடுப்பான், டாக்குமென்ட்ஸ எடுப்பான், டி டிரைவ எடுப்பான், டேலி கணக்கு டேட்டாவ ரெண்டு தடவ எடுப்பான், ஏன்னா டேலி போனா ஓனர் விடமாட்டாருன்னு அவனுக்கு தெரியும், ஆனா மறைஞ்சு கிடக்குற இந்த ஃபோல்டர யாரும் அவனுக்கு சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. பழைய அவுட்லுக் தொறக்குற நிலைமையில இருந்தா தேடவே வேண்டாம்ங்க, ஃபைல் மெனு போய் அக்கவுன்ட் செட்டிங்ஸ் தொறந்து டேட்டா ஃபைல்ஸ்ங்குற டேப்ப பாத்தா எந்த ஃபைல் எந்த இடத்துல இருக்குன்னு முழு பாதையும் காட்டும். அத ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அவுட்லுக்கே தொறக்கலைன்னா கன்ட்ரோல் பேனல்ல மெயில்னு ஒரு ஐகான் இருக்கும், அதுலயும் இதே லிஸ்ட் வரும்.

போன மாசம் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல நடந்தத சொல்றேன். அங்க ஒரு பொண்ணு மெர்ச்சன்டைசரா இருக்கு, பத்து வருசத்துக்கு மேல அனுபவம், பையர்கிட்ட இருந்து வர்ற ஒவ்வொரு அப்ரூவலையும் ஸ்டைல் நம்பர் போட்டு தனித்தனி ஃபோல்டர்ல வெச்சிருக்குற பொண்ணு. மெஷின் மாத்துன வாரமே பையர் ஒரு கலர் சரியில்லைன்னு குறை சொல்லி, டெபிட் நோட் போட்டு பணத்த புடிப்பேன்னு நிக்குறாரு. இந்த பொண்ணு சொல்லுது, லேப் டிப்ல, அதான் சாயம் போட்டு அனுப்புன கலர் சாம்பிள்ல, சி ஆப்ஷன ஓகே பண்ணது நீங்கதான், மெயில் இருக்குன்னு. மெயில எடுன்னா ஃபோல்டரே இல்ல. ஓனர் வந்து பின்னாடி நின்னுக்கிட்டு, "ஏம்மா, என்னத்த அழுத்துன?" அப்படின்னு கேக்குறாரு. "நான் ஒண்ணுமே அழுத்தலீங்க சார், காலைல வந்து தொறந்தேன் இப்படித்தான் இருந்துச்சு"ன்னு அது சொல்லுது, கண்ணு கலங்கிருச்சு, பக்கத்து சீட்ல இருக்கறவங்க எல்லாம் தலைய குனிஞ்சுக்கிட்டாங்க. நல்லவேளைக்கு அந்த பழைய சிபியு இன்னும் குடோன்ல அட்டப் பெட்டிக்கு பின்னால கெடந்துச்சு, ஃபார்மேட் ஆகல. டிஸ்க்க கழட்டி கேபிள் போட்டு பாத்தா ஆப்டேட்டாக்குள்ள 31 ஜிபிக்கு பிஎஸ்டி ஃபைல். காப்பி பண்ணி புது அவுட்லுக்ல ஃபைல் மெனுல ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல்னு குடுத்து தொறந்ததும் அந்த பொண்ணு பேர் வெச்ச ஃபோல்டர் ஒவ்வொண்ணும் இடது பக்கம் வரிசையா இறங்குச்சு. அந்த சி ஆப்ஷன் மெயிலும் இருந்துச்சு, பையரோட ஆபீஸ்ல யாரு ஓகே பண்ணாங்கன்னு பேரோட.

அந்த ஓனர் கெட்டவரு இல்லீங்க, அன்னைக்கு அவருக்கு பணம் போற பயம். ஆனா "என்ன அழுத்துன?"ங்குற கேள்வி நான் போற ஆபீஸ்ல எல்லாம் காதுல விழுது, அதுவும் பெரும்பாலும் அக்கவுன்ட்ஸ்லயும் மெர்ச்சன்டைசிங்லயும் இருக்குற பொண்ணுங்கள பாத்துதான் கேக்குறாங்க. அவங்க யாரும் அப்கிரேடு பண்ண சொல்லல, எந்த வெர்ஷன்னு அவங்கள கேட்டு யாரும் வாங்கல, சனிக்கிழமை சாயந்தரம் அவங்க வீட்டுக்கு போனதுக்கு அப்புறம் நடந்த வேலைக்கு திங்கக்கிழமை காலைல அவங்க பதில் சொல்ல வேண்டியிருக்கு. இது நியாயமே இல்ல.

பிஎஸ்டி பத்தி இன்னும் கொஞ்சம். அவுட்லுக் தொறந்திருக்கும்போது அந்த ஃபைல காப்பி பண்ணாதீங்க, மூடிட்டு ஒரு நிமிசம் பொறுத்து காப்பி பண்ணுங்க, இல்லைன்னா காப்பி ஆகாது, அப்படியே காப்பி ஆனாலும் பாதியில அடிபட்டு போகும். சர்வர்ல ஒரு ஷேர் ஃபோல்டர்ல வெச்சு அங்க இருந்தே எல்லாரும் தொறக்கலாமான்னு கேக்குறாங்க, கூடாதுங்க, நெட்வொர்க் வழியா பிஎஸ்டி ஓட்டுறத மைக்ரோசாஃப்ட்டே சப்போர்ட் பண்றதில்ல, ஃபைல் கெட்டுப்போகும். சைசும் முக்கியம். 2003க்கு முந்தின ஃபார்மேட்னா 2 ஜிபிதான் தாங்கும், 2003லயும் 2007லயும் 20 ஜிபி, 2010ல இருந்து 50 ஜிபி. எல்லைய தொட்ட ஃபைல் முழுசா காப்பி ஆகியும் தொறக்கும்போது எரர் அடிக்கும். அதுக்கு ஆபீஸ் கூடவே ஸ்கேன்பிஎஸ்டின்னு ஒரு ரிப்பேர் டூல் வருது, ஆபீஸ் இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்லயே இருக்கும், காசு குடுத்து வெளியில எதையும் வாங்க வேண்டாம். அத ஓட்டறதுக்கு முன்னாடி ஃபைல ஒரு காப்பி எடுத்துட்டு, காப்பி மேல ஓட்டுங்க. ஒரு தடவ ஓட்டி எரர் சரி பண்ணிருச்சுன்னு விட்டுறாதீங்க, எரர் இல்லைன்னு அதுவே சொல்ற வரைக்கும் திருப்பி திருப்பி ஓட்டணும்.

இன்னொண்ணு, பழைய மெஷின ஓரத்துல ஆன்லயே வெச்சிருந்து அதுலயும் அவுட்லுக் ஓடிக்கிட்டு இருந்து, இறக்குன உடனே சர்வர்ல இருந்து எடுக்குற பழைய செட்டிங் இருந்தா, மெயில எது முதல்ல இறக்குதோ அதுக்கு போயிரும், பாதி மெயில் அங்க பாதி இங்க. "சில மெயில் வருது சில மெயில் வரல"ன்னு யாராச்சும் சொன்னா முதல்ல இதத்தான் பாக்கணும். பழைய மெஷின வெச்சிருங்க, ஆனா நெட் கேபிள புடுங்கிட்டு வெச்சிருங்க.

பாப்புக்கு பதிலா ஐமேப்ங்குற முறையிலயோ, மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்சேஞ்ச்ங்குற கம்பெனி மெயில் சர்வர்லயோ இருக்கறவங்களுக்கு மெயில் சர்வர்லயே இருக்கும், அவங்களுக்கு பயம் கம்மி. ஆனாலும் ரெண்டு விசயம் இருக்கு. ஐமேப் அக்கவுன்ட்ல அவுட்லுக் 2013ல இருந்து கான்டாக்ட்ஸும் காலண்டரும் சர்வருக்கு போகாது, அந்த ஃபோல்டர் பேருக்கு பக்கத்துலயே திஸ் கம்ப்யூட்டர் ஒன்லின்னு எழுதியிருக்கும், யாரும் அத கவனிச்சு படிக்கறதில்ல, புது புரொஃபைல் போட்டதும் வருசக்கணக்கா சேத்த போன் நம்பரும் அட்ரஸும் காணாம போகுது. மாத்தறதுக்கு முன்னாடியே எக்ஸ்போர்ட் குடுத்து எடுத்து வெச்சுக்கணும். எக்ஸ்சேஞ்ச்ல இருக்கறவங்க "ஒரு வருசத்துக்கு முன்னாடி மெயில் காணோம்"பாங்க, அது தொலைஞ்சதே இல்ல, மெயில ஆஃப்லைன்ல எவ்வளவு நாளைக்கு வெச்சுக்கணும்னு அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல ஒரு ஸ்லைடர் இருக்கு, அது சாதாரணமா 12 மாசத்துல நிக்கும், கடைசி வரைக்கும் இழுத்து ஆல்னு வெச்சுட்டு அவுட்லுக்க மூடி தொறந்தா ஒண்ணொண்ணா இறங்கும்.

சரி, மெயில் கிடைச்சிருச்சு, அடுத்து பாஸ்வேர்டு. புது மெஷின்ல பாஸ்வேர்டு கேட்டு கேட்டு பாக்ஸ் வந்துக்கிட்டே இருக்கும், சரியான பாஸ்வேர்டுதான் போடுவாங்க, திரும்ப கேக்கும். உடனே எல்லாரும் பண்றது பாஸ்வேர்ட மாத்தறது. மாத்துனா அதுவரைக்கும் ஓடிக்கிட்டு இருந்த ஓனரோட போன், டேலில இருந்து இன்வாய்ஸ் போற செட்டிங், ஜெராக்ஸ் மெஷின்ல இருந்து ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்புறது எல்லாம் ஒரே நேரத்துல நின்னுரும், ஒரு பிரச்சனை நாலாகும். பாஸ்வேர்டு தப்பு இல்லீங்க. வெறும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் குடுத்து உள்ள வர்ற பழைய முறையவே பெரிய கம்பெனிகள் நிறுத்திட்டாங்க. சாதாரண ஜிமெயில் அக்கவுன்ட்டுக்கு 2022 மே 30ல இருந்து அது கிடையாது, மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல 2022 அக்டோபர்ல இருந்து நிறுத்த ஆரம்பிச்சாங்க. இப்ப பிரவுசர் மாதிரி ஒரு ஜன்னல் தொறந்து அதுல லாகின் பண்ணி போன்ல ஓகே குடுக்கணும். அந்த வசதி இல்லாத சாஃப்ட்வேருக்கும் ஸ்கேனருக்கும் ஜிமெயில்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன ஆன் பண்ணிட்டு ஆப் பாஸ்வேர்டுன்னு தனியா 16 எழுத்துல ஒண்ணு எடுக்கணும், அத அந்த பாஸ்வேர்டு கட்டத்துல போடணும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியா எடுத்தா பின்னாடி ஒண்ண நிறுத்தறதும் சுலபம். மெயில் மாத்தப் போறோம்னா அந்த ஆபீஸ்ல மெயில் அனுப்புற சாமான் என்னென்ன இருக்குன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க, ஸ்கேனர், டேலி, பயோமெட்ரிக் அட்டென்டன்ஸ், சிசிடிவி அலர்ட் வரைக்கும். அவுட்லுக்க மட்டும் சரி பண்ணிட்டு போயிட்டா மாசக் கடைசில சம்பள ஸ்லிப் போகலைன்னு மறுபடி கூப்புடுவாங்க.

லோக்கல் ஹோஸ்டிங்ல இருக்கறவங்களுக்கு வேற மாதிரி. வர்றது வரும், போறது போகாது. அவுட்கோயிங்ல போர்ட், அதான் மெயில் போற வாசல் நம்பர், 25ன்னு பழசு இருக்கும், நிறைய நெட் கனெக்‌ஷன்ல அது அடைச்சிருக்கும், 587 இல்ல 465 போட்டு, கூடவே அவுட்கோயிங் சர்வருக்கும் லாகின் வேணும்ங்குற டிக்கையும் போடணும். இன்கமிங்ல பாப்புன்னா 995, ஐமேப்னா 993. சர்டிஃபிகேட் பேரு பொருந்தலைன்னு ஒரு எச்சரிக்கை வந்தா கண்ண மூடிட்டு எஸ் குடுத்துராதீங்க, ஹோஸ்டிங்காரர கூப்புட்டு சர்டிஃபிகேட்ல எந்த சர்வர் பேரு இருக்குதுன்னு கேட்டு அந்த பேரையே சர்வர் கட்டத்துல போட்டா பெரும்பாலும் எச்சரிக்கை நின்னுரும்.

அவுட்லுக் தொறக்கவே மாட்டேங்குது, லோடிங்லயே நிக்குதுன்னா கீபோர்டுல கன்ட்ரோல் கீய அழுத்தி புடிச்சுக்கிட்டே ஐகான டபுள் கிளிக் பண்ணுங்க, சேஃப் மோடுல தொறக்கவான்னு கேக்கும், எஸ் குடுங்க. அதுல நல்லா தொறந்தா குத்தம் மெயில்ல இல்ல, கூட ஒட்டிக்கிட்டு இருக்குற ஏதோ ஒரு ஆட் இன்ல. ஆபீஸ் 2019ல இருந்து சாதாரணமா 64 பிட்தான் இன்ஸ்டால் ஆகுது, பழைய 32 பிட் காலத்து பிடிஎஃப் ஆட் இன், ஆன்டிவைரஸ் ஆட் இன் எல்லாம் அதுல ஓடாது, ஒண்ணொண்ணா டிக்க எடுத்து பாத்தா எதுன்னு தெரிஞ்சுரும். இதுக்கு போய் விண்டோஸவே ஃபார்மேட் பண்ணுவாங்க சில பேரு.

சர்ச் பண்ணா ஒண்ணும் வரலைங்குறதும் தினமும் கேக்குறதுதான். பெரிய பிஎஸ்டிய புதுசா சேத்தா அது பூராவையும் இன்டெக்ஸ் பண்ண, அதாவது தேடறதுக்கு பட்டியல் போட, பல மணி நேரம் ஆகும், சர்ச் பாக்ஸ கிளிக் பண்ணி சர்ச் டூல்ஸ்ல இன்டெக்சிங் ஸ்டேட்டஸ்னு பாத்தா இன்னும் எத்தன பாக்கின்னு நம்பர் காட்டும். அந்த நம்பர் குறைஞ்சுக்கிட்டே வந்தா விட்டுருங்க, ராத்திரி மெஷின ஆஃப் பண்ணாம அவுட்லுக்க தொறந்தே வெச்சுட்டு போங்க. பொறுமை இல்லாம ரீபில்டு குடுத்தா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

அப்புறம் அந்த வலது பக்க மூலையில நியூ அவுட்லுக்னு ஒரு சுவிட்ச். அத தெரியாம தட்டிட்டு எல்லாமே மாறிப்போச்சுன்னு கூப்புடறவங்க ரொம்ப பேரு. அது பேருதான் ஒண்ணு, சாஃப்ட்வேர் வேற. பழைய ஆட் இன் எதுவும் அதுல ஓடாது, மேக்ரோ ஓடாது, பிஎஸ்டிய பழைய அவுட்லுக் மாதிரி முழுசா வெச்சு வேலை பாக்கவும் முடியாது. ஐமேப் அக்கவுன்ட்ட சேத்தா மெயில் எல்லாம் மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கு சின்க் ஆகும், அதுக்கு சம்மதமான்னு கேட்டுத்தான் சேக்கும், பையரோட ரகசிய ஒப்பந்தம் இருக்குற கம்பெனிகள் அத படிச்சுட்டு ஓகே குடுக்கணும். கிளாசிக் அவுட்லுக்ல இருந்து மாறுனவங்க அதே சுவிட்ச்ச ஆஃப் பண்ணா பழசு அப்படியே வந்துரும், ஒண்ணும் அழிஞ்சிருக்காது. விண்டோஸ் 10 கூட வந்த மெயில் ஆப்ப வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்தவங்களுக்குத்தான் திரும்பிப் போக வழி இல்ல, அத 2024 டிசம்பர் 31ஓட நிறுத்திட்டாங்க.

தமிழ்ல மெயில் வெச்சிருக்கறவங்களுக்குன்னு ஒரு தனி பிரச்சனை இருக்கு, இத இங்கிலீஷ்ல எந்த உதவிப் பக்கமும் சொல்லாது. பழைய மெயில்கள், முக்கியமா அரசாங்க ஆபீஸ், கோயில் டிரஸ்ட், சங்கம், அச்சகம் இவங்ககிட்ட இருந்து வந்ததெல்லாம் பாமினி, வானவில், டாம் மாதிரி ஃபான்ட்ல அடிச்சிருக்கும். அது உள்ளுக்குள்ள இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் இருந்தாத்தான் தமிழா தெரியும். தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோடுக்கு போகணும்னு சொல்லிருச்சு, ஆனா அதுக்கு அப்புறமும் பல வருசம் பழைய ஃபான்ட்லயே ஆபீஸ்கள் ஓடுச்சு. புது மெஷின்ல அந்த ஃபான்ட் இல்லைன்னா மெயில் பூரா புரியாத இங்கிலீஷ் எழுத்தா வரும், ஃபைல் கெட்டுப்போச்சு, வைரஸ் புடிச்சிருச்சுன்னு நெனச்சு அழிச்சவங்கள நான் பாத்திருக்கேன், ஒரு ஆபீஸ்ல பிஎஃப் சம்பந்தமா பேசி முடிச்ச கடிதம் எல்லாம் அப்படி போச்சு. பழைய மெஷின்ல விண்டோஸ்குள்ள ஃபான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல இருக்குற தமிழ் ஃபான்ட்ட எல்லாம் ஒரு பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்து இன்ஸ்டால் பண்ணுங்க, அத்தன கடிதமும் திரும்ப தமிழாயிரும். இதுக்கும் பழைய டிஸ்க் வேணும் பாருங்க.

இப்ப பணம் போற விசயத்துக்கு வர்றேன். மெயில் யாருக்குன்னு போடற டூ கட்டத்துல ரெண்டு எழுத்து அடிச்சா முழு அட்ரஸும் தானா வர்றது எல்லாருக்கும் பழக்கம், அத கான்டாக்ட்ஸ்ல யாரும் சேத்து வெக்கறதில்ல. புது புரொஃபைல்ல அந்த லிஸ்ட் காலியா இருக்கும். அப்ப என்ன பண்றாங்க, ஞாபகத்துல இருந்து அடிக்கிறாங்க, இல்ல கடைசியா வந்த மெயில்ல இருந்து எடுத்துக்குறாங்க. ஏற்றுமதி ஊர்கள்ல பையர் பேருலயே ஒரு எழுத்து மட்டும் மாத்தி ஐடி வெச்சு, எங்க பேங்க் அக்கவுன்ட் மாறியிருக்கு இதுக்கு அனுப்புங்கன்னு மெயில் போட்டு ஏமாத்துற கும்பல் இருக்குங்க. வழக்கமா தானா வர்ற அட்ரஸ் வராத அந்த வாரத்துலதான் இந்த வித்தியாசம் கண்ணுல படாம போகும். அதனால மாத்தறதுக்கு முன்னாடியே சென்ட் ஐட்டம்ஸ்ல இருந்து முக்கியமான பையர், ஏஜென்ட், பேங்க், ஷிப்பிங் ஆளுங்க அட்ரஸ கான்டாக்ட்ஸ்ல சேத்துருங்க. அக்கவுன்ட் நம்பர் மாத்தம்னு மெயில் வந்தா, ஏற்கனவே உங்ககிட்ட இருக்குற நம்பர்ல போன் பண்ணி பேசாம ஒரு ரூபாகூட அனுப்பாதீங்க. அனுப்பிட்டா யோசிக்காம உடனே சைபர் குற்ற உதவி நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, நேரம் போகப் போக பணம் கை மாறிரும்.

அதே மாதிரி, அவுட்லுக் கஸ்டமர் கேர்னு நெட்ல தேடி முதல்ல வர்ற நம்பருக்கு கூப்புடாதீங்க. எடுக்கறவன் ரொம்ப மரியாதையா பேசுவான், ஒரு ஆப்ப இன்ஸ்டால் பண்ண சொல்லி உங்க ஸ்கிரீன அவன் கைக்கு வாங்கிக்குவான், மெயில் சரியாகுதோ இல்லையோ பேங்க் பாஸ்வேர்டு போயிரும். தெரிஞ்ச ஆளு நேர்ல வர்றதுக்கு ஒரு நாள் ஆனாலும் பரவால்ல.

ஓனருங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மெயில்னா ஏதோ பொண்ணுங்க கம்ப்யூட்டர்ல பாக்குறதுன்னு நெனக்காதீங்க, அது உங்க கணக்கு புக்கு மாதிரிதான். ஜிஎஸ்டி சட்டத்துல கணக்கு ரெக்கார்டுகள அந்த வருசத்து ஆனுவல் ரிட்டன் கடைசி தேதில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும்னு இருக்கு, அந்த இன்வாய்ஸும் ஆர்டரும் பல கம்பெனில மெயில்ல மட்டும்தான் இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து புது சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்துருச்சு, அதுல 63வது பிரிவுப்படி கோர்ட்ல மெயில காட்டணும்னா அது எந்த கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்ததுன்னு சர்டிஃபிகேட் குடுக்கணும், அந்த ஃபைலோட ஹாஷ் வேல்யுவும், அதான் ஃபைலுக்கு கைரேகை மாதிரி இருக்குற ஒரு நம்பரும், எழுதணும். மெஷின எக்ஸ்சேஞ்ச்ல போட்டு ரெண்டாயிரமோ மூவாயிரமோ குறைச்சுக்கிட்டு, நாளைக்கு ஒரு பெரிய பில்லுக்கு சாட்சி இல்லாம நிக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் குடுக்கறதா இருந்தா டிஸ்க்க மட்டும் கழட்டி வெச்சுட்டு குடுங்க. முக்கியமா எஸ்எஸ்டிங்குற, சிப்புல ஓடுற புது வகை டிஸ்க் போட்ட மெஷின்னா இன்னும் ஜாக்கிரதை, பழைய ஹார்ட் டிஸ்க்ல அழிச்சத ரெக்கவரி பண்ணி ஏதாச்சும் எடுக்க வாய்ப்பு இருக்கு, எஸ்எஸ்டில அழிஞ்சா அநேகமா அவ்வளவுதான்.

சர்வீஸ் பாக்குற தம்பிகளுக்கும் சொல்றேன், நானும் அதே தொழில்தான். ஷிப்மென்ட் வாரத்துலயும் ஜிஎஸ்டி கடைசி தேதிக்கு பக்கத்துலயும் மெஷின் மாத்தாதீங்க, ஓனர் அவசரப்படுத்துனாலும் சொல்லி புரிய வெய்ங்க. அந்த சீட்ல உக்கார்றவங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டு மாத்துங்க, எந்த ஃபோல்டர் முக்கியம்னு அவங்களுக்குத்தான் தெரியும். மாத்தி முடிச்சதும் அவங்களையே நாலு வருசத்துக்கு முந்தின ஒரு மெயில தேட சொல்லுங்க, அட்டாச்மென்ட் தொறக்குதான்னு பாக்க சொல்லுங்க, ஒரு மெயில் அனுப்பி ஒரு மெயில் வாங்க சொல்லுங்க. அப்புறம் பில் போடுங்க.

ஆசிரியர் அவர்களே, உங்க பேப்பர்ல வாரா வாரம் வணிகப் பக்கம் வருது, அதுல மொபைல் ஆஃபரும் புது லேப்டாப் விலையும் நல்லா போடறீங்க. அதுலயே ஒரு ஓரத்துல, கம்ப்யூட்டர் மாத்தறதுக்கு முன்னாடி என்னென்ன எடுத்து வெக்கணும்னு ஒரு கால் பக்கம் போட்டா, அத வெட்டி ஓனர் டேபிள் கண்ணாடிக்கு அடியில வெச்சுக்கிற கம்பெனிகள் இந்த ஊர்ல நிறைய இருக்கு. ஆபீஸ் 2021க்கும் 2026 அக்டோபர் 13ஓட சப்போர்ட் முடியுது, கொரோனாவுக்கு அப்புறம் மெஷின் வாங்குனவங்ககிட்ட பாதிக்கு மேல அதுதான் இருக்கு. அந்த தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியாச்சும் போட்டீங்கன்னா உபயோகமா இருக்கும்ங்க.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கும் ஒரு வாசகர்,
திருப்பூர்.